பத்தாவது நிமிடம்

மார்ச் 3

அண்ணா,

உனக்கு நான் கடைசியாகக் கடிதம் எழுதியது நீ கல்லூரி விடுதியில் இருந்தபோது. கையெழுத்து மாறியிருக்கும். எழுதுவது நான்தானா என்று சந்தேகம் வந்தால் இதை நினைத்துக்கொள்: அப்பாவின் ரேடியோவைப் பிரித்துப் போட்டது நீ, அடி வாங்கியது நான். இது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

தொலைபேசியில் இதைப் பேச எனக்கு விருப்பமில்லை. ஏன் என்பது கீழே வரும்.

நான் அவரை விட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. என்னை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியோடு ஆபீஸ் போன அந்த ஒரு நாள் மட்டும்தான் உனக்குத் தெரியும். அதற்கு முந்தைய மூன்று வருடத்தை நான் சொல்ல வரும்போதெல்லாம் நீ சிரித்தாய். தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நேத்து லைப்ரரியில ரெண்டு மணி நேரம். அப்புறம் மருந்துக்கடைப் பக்கம். யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்பார். கோபமே இருக்காது குரலில். பரீட்சைத் தாளைத் திருத்துகிற மாதிரி இருக்கும். உன்னிடம் சொன்னதற்கு, "அக்கறைடி அது. கொடுத்து வச்சவ நீ" என்றாய்.

முதலில் நான் தங்கிய பெண்கள் விடுதி எங்கே என்று உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். இருபதாம் நாள் எதிர்க்கடை வாசலில் அவர் நின்றார். சரி, இனி யாரிடமும் சொல்வதில்லை என்று வேறு ஊருக்குப் போனேன். உன்னிடமும் சொல்லவில்லை. போனைக்கூட மாற்றினேன். எண்ணை மட்டும் அம்மாவுக்காக வைத்துக்கொண்டேன். அவளுக்கு அந்த ஒரு எண்தான் மனப்பாடம். அதை மாற்றினால் அவள் ஒடிந்துபோவாள் என்று நீதான் கெஞ்சினாய்.

ஐந்து வாரம் நிம்மதி. போன மாதம் ஒருநாள் சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். பின்னால் இருந்து, "மழை வரும்போல இருக்கு. குடை கொண்டு வந்தேன்."

கையில் இரண்டு குடை. ஒன்றை என்னிடம் நீட்டினார். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார், பார்க்கிறவர்களுக்கு அன்பாகத் தெரிகிற மாதிரி. "வீட்டுக்குப் போலாமா? அலைஞ்சது போதும்." பேருந்து வந்ததால் பிழைத்தேன். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கப் போனால், "புருஷன் குடை எடுத்துட்டு வந்தது குத்தமாம்மா?" என்று கேட்டார்கள்.

நூலக வாசலில் நாங்கள் தற்செயலாகச் சந்தித்த முதல் நாளும் அவரிடம் இரண்டு குடை இருந்தது. அப்போது அது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது மூன்றாவது ஊரில் இருக்கிறேன். இன்னொரு தடவை ஓட என்னிடம் தெம்பில்லை. அடுத்த முறை மணிக்கட்டோடு விடமாட்டார். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். நீயும் அவரும் ஒரே கம்பெனி. நம் வீட்டுக்கு அவரைக் கூட்டி வந்தவனும் நீ. நான் இருக்கும் இடத்தை அவரிடம் சொன்னது நீயா? ஆம் அல்லது இல்லை. நடுவில் உள்ள எதுவும் வேண்டாம்.

உறையின் பின்னால் உள்ள தபால் பெட்டி எண்ணுக்கு எழுது. அது நான் இருக்கும் ஊர் அல்ல.

நத்தை


மார்ச் 11

நத்தை,

இல்லை.

நடுவில் உள்ளது வேண்டாம் என்றாய். ஆனால் 'இல்லை' என்று மட்டும் எழுதி உறைக்குள் போட்டால் அண்ணன் கிறுக்கன் என்று நினைப்பாய். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அந்த விடுதியின் பெயரை நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிறார், மறைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைகூட வந்தார். அம்மாவின் மூட்டுவலித் தைலத்தை வாங்கி வந்து பத்து நிமிடம் உட்கார்ந்தார். உன் பேச்சையே எடுக்கவில்லை. போகும்போது, "மச்சான், அவ நல்லா இருந்தா சரி" என்றார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. நீ கோபப்படுவாய். நடந்ததை எழுதுகிறேன்.

ஆபீஸ் வழியாகத் தெரிந்திருக்குமோ என்று நீ நினைக்கிறாய். அது முடியாது. நான் உட்காருவது மூன்றாம் மாடி கட்டுப்பாட்டு அறை. சுவர் முழுக்கத் திரைகள், ஒவ்வொரு செல்போன் கோபுரமும் ஒரு புள்ளி. கோபுரம் செத்தால் புள்ளி சிவக்கும், நான் ஆளை அனுப்புவேன். என் வேலை அவ்வளவுதான். ஒரு தனி எண் எங்கே இருக்கிறது என்று தேட இரண்டு மேலதிகாரிகளின் கையெழுத்தும் காவல்துறைக் கடிதமும் வேண்டும். தேடினால் தேடியவன் பெயர் பதிவாகும். மாப்பிள்ளை எங்கள் பிரிவை விட்டு ஐந்தாம் மாடிக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய அட்டைக்கு எங்கள் அறைக் கதவே திறக்காது. நான் உன்னை ஒரு நாளும் தேடியதில்லை. அம்மா மேல் சத்தியம்.

உன் கடிதத்தின் தலையில் தேதி இருக்கிறது, ஊர் இல்லை. பள்ளியில் வலது மூலையில் ஊர் எழுதாவிட்டால் ஒரு மதிப்பெண் குறைப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? எந்த ஊர் என்றாவது சொல். தெருவெல்லாம் வேண்டாம். அம்மா தினமும், "எங்க இருக்காளாம்? சாப்பிட்டாளாம்?" என்கிறாள். இரண்டாவதற்கு ஏதோ ஒரு பதில் சொல்லிவிடலாம், முதலாவதற்கு என்ன சொல்வது? ஒரு அவசரம் என்றால் நான் எங்கே வந்து நிற்பது?

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

உன் 'இல்லை'யைப் பலமுறை படித்தேன். அதற்குக் கீழே ஒன்றரைப் பக்கம். அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று மூன்று விதமாகக் கேட்டிருக்கிறாய். என் மேல் பாவப்பட்டதாக ஒரு வரியும் இல்லை. இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை, எண்ணிப் பார்த்ததைச் சொல்கிறேன். எண்ணுவது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதைச் சொல்லலாம், அந்த வேலை எல்லா ஊரிலும் இருக்கிறது. பல் கட்டும் பட்டறை. மருத்துவர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள்; நாங்கள் அதில் பாரிஸ் சாந்து ஊற்றி, அச்சு எடுத்து, மெழுகில் பல் செய்து, பிறகு நிஜப் பல்லாக வார்க்கிறோம். அலமாரி முழுக்க முன்பின் தெரியாதவர்களின் வாய்கள். பெயர் கிடையாது, எண்தான். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். முதலாளியம்மா முதல் நாளே, "இங்க எல்லாருக்கும் பல்லு தெரியும், முகம் தெரியாது" என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் மேசையில் ஒரு பழைய ரேடியோ இருக்கிறது. பக்கத்திலேயே போனை வைப்பேன். ஒரு வாரமாக ஒன்றைக் கவனிக்கிறேன். பாட்டு ஓடும்போது திடீரென்று அந்தச் சத்தம் வருகிறது: ட்ரிக்-டிக், ட்ரிக்-டிக், ட்ரிக்-டிக், பிறகு ஒரு நீளமான ர்ர்ர். அது என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தவன் நீ. "போன் டவருக்குப் பதில் சொல்லுதுடி, அதான் ரேடியோவுக்குக் கேக்குது." பதில் சொல்கிறது என்றால் கேள்வி வந்திருக்க வேண்டும். ஆனால் போனைப் பார்த்தால் அழைப்பு இல்லை, செய்தி இல்லை, ஒன்றும் இல்லை.

எப்போதாவது என்றால் விட்டிருப்பேன். எட்டு பத்து. ஒன்பது பத்து. பத்து பத்து. சுவர்க் கடிகாரத்தில் முள் இரண்டைத் தொட்டதும், தவறாமல்.

எங்கள் கட்டடத்தின் கீழே போன் பழுது பார்க்கிறவர் ஒருவர். கழுத்தில் எப்போதும் திருப்புளி தொங்கும், அதனால் ஊரே அவரை ஸ்க்ரூ என்கிறது. அவரிடம் கேட்டேன். என் சிம்மைத் தன்னுடைய பழைய போன் ஒன்றில் போட்டார். வந்துபோகிற எல்லாவற்றையும் வரிவரியாகக் காட்டும்படி அதைத் தயார் செய்து வைத்திருக்கிறார். காலை ஏழு பத்திலிருந்து இரவு எட்டு பத்து வரை ஒரு நாளில் பதினான்கு செய்திகள். எதிலும் ஒரு எழுத்துகூட இல்லை. மணி அடிக்காது, திரையில் வராது. போன் மட்டும் 'வந்து சேர்ந்தது' என்று பதில் அனுப்பிவிட்டு மறந்துவிடும். "இது பேசற மெசேஜ் இல்லம்மா. நீ இருக்கியா, எங்க இருக்கன்னு பாக்கற மெசேஜ்" என்றார்.

நான் போனையே மாற்றிவிட்டேனே என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வீட்ட மாத்திட்டு, நிழல கூடவே கூட்டிட்டு வந்திருக்கீங்க."

இதை அனுப்புகிறவர்கள் நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கிறவர்கள் என்றும் சொன்னார். நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

உன் பதிலை வரும் வியாழன் மாலை நாலு மணிக்குத் தபால் நிலையத்தில் எடுத்துக்கொள்வேன்.

நத்தை


மார்ச் 29

நத்தை,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வியாழனுக்குள் எழுத முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். பத்தாவது நிமிடம்தான் என்பதில் உனக்குச் சந்தேகமே இல்லையா? பட்டறைக் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா? ஐந்தாவது நிமிடமாகவோ பன்னிரண்டாகவோ இருக்க வாய்ப்பில்லையே? ஸ்க்ரூவின் போனில் அனுப்பிய எண் ஏதாவது தெரிந்ததா? கடைசி இரண்டு இலக்கம் போதும்.

போனை அணைத்துவிடு. வேண்டாம், அணைக்காதே. நான் சொல்லும் வரை எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் கடிதங்களைக் கரண்ட் பில் கோப்பில் வைத்திருக்கிறேன், அதை அம்மா திறக்கமாட்டாள்.

வேறு ஒன்றும் எழுத இப்போது வரவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணா,

யார் அனுப்புகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. நீ எத்தனையாவது நிமிடம் என்று கேட்கிறாய். திருடு போன வீட்டுக்கு வந்தவன், பூட்டு எந்தக் கம்பெனி என்று விசாரிக்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. இந்தக் கடிதத்தில் நீ ஊரைக் கேட்கவே இல்லை. போன கடிதத்தில் மூன்று தடவை கேட்டவன் இதில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏன்? தெரிந்துவிட்டதா?

கோபப்படாமல் படி. நான் உன்னைச் சோதித்தேன்.

வியாழன் நாலு மணிக்குத் தபால் நிலையத்துக்கு வருவேன் என்று எழுதினேன் அல்லவா? உன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த இடம், உன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த நேரம். அன்று மூன்று மணியிலிருந்து ஆறு வரை எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடைக்குள் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரம் இன்னொரு வேலையும் செய்தேன். செய்த பற்களை மருத்துவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க எங்கள் பட்டறையில் ஓர் அக்கா இருக்கிறார். ஸ்கூட்டர் அக்கா என்போம். என் போனை அவரிடம் கொடுத்து, நான் கால் வைத்தே இராத ஊரில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை இழுப்பறையில், மின்னேற்றியோடு வைக்கச் சொன்னேன். திங்கட்கிழமை வைத்தார். கைப்பையில் மடித்து வைத்திருந்த கல்யாணப் படத்தையும் அவரிடம் காட்டியிருந்தேன்.

ஆள் தபால் நிலையத்துக்கு வந்தால் சொன்னது நீ. மருத்துவமனைக்கு வந்தால் போன்.

தபால் நிலையத்துக்கு யாரும் வரவில்லை.

மருத்துவமனைக்கு வந்தார். வியாழனன்றே. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, காத்திருக்கும் நாற்காலியில் ஒரு மணி நேரம். வரவேற்பில் இருக்கும் பெண் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம்: "எந்தப் பல்லு சார்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு. பல்வலிக்காரன் யோசிச்சு நான் பாத்ததே இல்ல." உள்ளே போகும் ஒவ்வொரு பெண்ணையும் நிமிர்ந்து பார்த்தாராம். அன்று பல் கொடுக்கப் போன ஸ்கூட்டர் அக்கா படத்தில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். அந்த ஆளின் காலுக்குக் கீழே குடை. எத்தனை என்று நான் கேட்டேன். ஸ்கூட்டர் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ரெண்டு" என்றார்.

ஆகவே உன் வாய் சொல்லவில்லை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இப்போது கேட்க முடியவில்லை. ஏனென்றால் அந்தச் செய்தி உன் அறையிலிருந்து வருகிறது, நீ அதன் நிமிடத்தைப் பற்றிப் பேசுகிறாய். உனக்கு என்ன தெரியும்?

போன் இன்னும் அந்த இழுப்பறையில்தான் இருக்கிறது. இந்த முறை முழுவதையும் எழுது.

நத்தை


ஏப்ரல் 12

நத்தை,

முழுவதையும் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஆறு வருடத்துக்கு முன்பு. புதுக் கோபுரம் நட்டால், அல்லது பழையதைத் திருப்பினால், அது போன்களைச் சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மௌனச் செய்தி என்று ஒன்று அனுப்புவோம். நீ பார்த்தது அதுதான். கதவைத் தட்டாமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு போகிற செய்தி. போன் பதில் அனுப்பும். எந்தக் கோபுரம் வழியாக, எவ்வளவு தூரத்திலிருந்து என்று நமக்குத் தெரியும்.

சோதிக்க எண்கள் வேண்டும். கம்பெனி கொடுத்தது நான்கே நான்கு, அவை நான்கும் எங்கள் மேசை மேலேயே கிடந்தன. நகராத போனை வைத்து என்ன சோதிப்பது? நகர்கிற எண்கள் வேண்டும் என்று நான் நம் வீட்டு எண்களைப் போட்டேன். என்னுடையது, அம்மாவுடையது, உன்னுடையது. 'யார்' என்ற கட்டத்தில் 'நான்', 'அம்மா', 'தங்கை' என்று எழுதினேன். ஒவ்வொரு மணி நேரமும் தொடங்கும்போது நெட்வொர்க்கில் நெரிசல் அதிகம். அதனால் பத்து நிமிடம் தள்ளி வைத்தேன். புத்திசாலி என்று மேலதிகாரி தோளில் தட்டினார். உன் கடிதத்தில் 'எட்டு பத்து, ஒன்பது பத்து' என்று படித்தபோது சுவரில் என் கையெழுத்தையே பார்த்த மாதிரி இருந்தது. வேறு நிமிடமாக இருந்துவிடாதா என்றுதான் அப்படிக் கேட்டேன்.

சோதனை மூன்று மாதத்துக்கு. நிறுத்துவது என் வேலை. நான் நிறுத்தவில்லை. மறந்துவிட்டேன் என்பது உண்மை, ஆனால் அது இப்போது எனக்கே நொண்டிச் சாக்காகக் கேட்கிறது.

முந்தைய நாள் யார் எந்தக் கோபுரத்தில் இருந்தார்கள் என்ற பட்டியல் தினமும் காலையில் பிரிவில் உள்ள எல்லோருக்கும் மெயிலில் போகும். எனக்கும் வரும். கண்ணில் படாமல் தானே ஒரு மூலைக்குப் போய்விடும்படி செய்து வைத்திருந்தேன். போய்ப் பார்த்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம் மெயில், ஒன்றுகூடத் திறக்காமல். நீ எங்கே இருக்கிறாய் என்று ஆறு வருடமாக ஒவ்வொரு காலையும் எனக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. உன்னிடம் அதைக் கேட்டுக் கடிதம் எழுதிய அன்றும் வந்திருக்கிறது.

பெறுபவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. ஐந்தாம் மாடிக்குப் போனபோது அவரை வருகைப் பதிவிலிருந்து எடுத்தோம், கதவு அனுமதியிலிருந்து எடுத்தோம். இதிலிருந்து யாரும் எடுக்கவில்லை. கையெழுத்து வேண்டும், காவல்துறைக் கடிதம் வேண்டும் என்றெல்லாம் உனக்கு எழுதினேன். அதெல்லாம் தேடுகிறவனுக்கு. அவர் தேடவே வேண்டியிருக்கவில்லை.

இதோடு நிறுத்திவிடலாம் என்று பேனாவை இரண்டு தடவை மூடினேன்.

பழைய மெயில்களைத் தோண்டியபோது நான்கு வருடத்துக்கு முந்தைய ஒன்று கிடைத்தது. அவர் அப்போது என் பக்கத்து நாற்காலி. பட்டியலைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதியிருக்கிறார்: "'தங்கை'ன்னு இருக்கற எண் செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஒரே டவர்ல அசையாம நிக்குது. டவர் கோளாறா?"

நான் பதில் போட்டிருக்கிறேன்: "கோளாறு இல்ல, என் தங்கச்சி. அங்க லைப்ரரி இருக்கு. உள்ள போனா ஏழு மணி வரை வெளிய வரமாட்டா." கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை.

நீங்கள் நூலக வாசலில் தற்செயலாகச் சந்தித்தது அதற்குப் பதினோராம் நாள். வெள்ளிக்கிழமை.

முதல் கடிதத்தில் நீ கேட்டாய், ஆமா இல்லையா என்று. ஆம்.

உன் இரண்டாவது கடிதம் வந்த அன்று பட்டியலில் உன் வரியை யாருக்கும் தெரியாமல் அழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அழித்திருந்தால் செய்தி நின்றிருக்கும், என் வேலையும் தப்பியிருக்கும், அவரும் உத்தமராகவே இருந்திருப்பார். அழிக்கவில்லை. அதற்காக என்னை மெச்ச வேண்டாம், பதிலெழுதப் பத்து நாள் எடுத்துக்கொண்டேன் என்பதையும் சேர்த்துக்கொள். புகார் கொடுத்தால் பட்டியலைப் போட்டவன் என்று என் பெயர்தான் முதலில் வரும். என்ன செய்யட்டும், சொல்.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இருமல் என்று சொன்னேன்.

அந்தப் பதினோராம் நாளைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். எல்லாம் உடைந்த பிறகும் அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன். மற்றதெல்லாம் பிற்பாடு கெட்டுப்போனது, ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது என்று. மழையில் படிக்கட்டில் நிற்கிறேன், முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு குடையோடு வருகிறார். ஏன் இரண்டு என்று கேட்டதற்கு, "யாருக்காவது தேவைப்படும்னு தோணுச்சு" என்றார். அதைக் கேட்டுத்தான் சிரித்தேன். புத்தகங்களில் எத்தனையோ தற்செயல்களை நம்பாமல் உதட்டைப் பிதுக்கியவள், நிஜத்தில் வந்ததை மட்டும் நம்பினேன்.

நீ இவ்வளவையும் ஒப்புக்கொண்டதே என்னை நம்பவைக்கத்தானோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதையும் உனக்குச் சொல்கிறேன். இனி என் மனம் இப்படித்தான் வேலை செய்யும் போலிருக்கிறது.

என்ன செய்வது என்று கேட்டாய். எழுதிக் கொடு. உன் பெயரோடு, அந்தச் சிரிப்புப் பொம்மையோடு. ஆனால் அதை மட்டும் கொடுத்தால் அவர் என்ன சொல்வார் தெரியுமா? "மெயில் வந்துச்சு, நான் தொறக்கவே இல்ல." அதே சாக்கை நீயும் சொல்லப் போகிறாய். ஒன்று உண்மை, ஒன்று பொய், யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

அதனால் ஒரு வேலை செய். இந்தப் பெட்டிக்குள் என் போன் இருக்கிறது, அணைத்து அனுப்புகிறேன். உடையாமல் இருக்கச் சுற்றிலும் பல் அச்சுகளை வைத்து அடைத்திருக்கிறேன், உன்னைப் பார்த்து இளிப்பதற்கு மன்னிக்கவும். புகாரைக் கொடுத்துவிட்டு, விசாரிக்க வருகிறவர்களிடமும் சொல்லிவிட்டு, உன் அறையில் அதை எழுப்பி வை. மறுநாள் பட்டியலில் 'தங்கை' உங்கள் கட்டடத்திலேயே நிற்பாள். பட்டியலைப் படிக்காதவர் என்றால் அவர் தன் மாடியிலேயே இருப்பார்.

அம்மாவிடம் இனி இந்த எண் எடுக்காது என்று சொல். அவளுக்குத் தனியாக எழுதுகிறேன். படித்துக் காட்டு, ஆனால் நீ முன்னால் படிக்காதே.

நத்தை


மே 2

நத்தை,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

புகாரைப் போன வாரம் கொடுத்தேன். கம்பெனியிலிருந்து மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள், அதில் ஓர் அம்மாள்தான் மூத்தவர். பட்டியலைப் பார்த்ததும் என்னிடம், "உங்க அம்மா நம்பர் வேற இருக்கே. அம்மாகிட்டக் கேட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "தங்கச்சிகிட்ட?" அதற்கும் இல்லை. அவர் எழுதிக்கொண்டார்.

அவர்கள் பார்த்திருக்க, காலை பத்து மணிக்கு உன் போனை என் இழுப்பறைக்குள் எழுப்பி வைத்தேன். பத்து பத்துக்கு மேசை மேலிருந்த ஒலிபெருக்கியில் அந்தச் சத்தம் வந்தது. அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று எட்டு பத்து வரை பதினோரு முறை.

மறுநாள் காலை பட்டியல் எல்லோருக்கும் போனது. ஒன்பதே முக்காலுக்குக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆள். அட்டையைத் தேய்க்கிறார், கதவு திறக்கவில்லை. மறுபடி தேய்க்கிறார். கண் மட்டும் உள்ளே ஒவ்வொரு நாற்காலியாகப் போகிறது. இரண்டு வருடத்தில் அவர் எங்கள் மாடிக்கு வந்ததே இல்லை.

அந்த அம்மாள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். "யாரத் தேடறீங்க?"

"யாரையும் இல்லையே. மச்சானப் பாக்க வந்தேன்."

"கையில என்ன?"

அவரே அப்போதுதான் குனிந்து பார்த்தார். "மழை வரும்போல இருந்துச்சு" என்றார்.

வெளியே கண் கூசுகிற வெயில். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு இருந்தன.

அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி, காவல்துறைக்கும் கம்பெனியே எழுதிவிட்டது. இந்த முறை குடை குற்றமா என்று யாரும் கேட்கவில்லை. பட்டியலை நிறுத்திவிட்டார்கள். என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்; விசாரணை முடிகிறவரை என்று சொல்கிறார்கள், முடிந்த பிறகும் கூப்பிடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நியாயம்தான். பகலில் அம்மாவோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன், முன்னால் படிக்கவில்லை. வழக்கம்போல, "எங்க இருக்காளாம்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "வேண்டாம் விடு. சாப்பிட்டாளாமா?" என்றாள்.

உன் ஊரை எனக்கு எழுதாதே, நத்தை. தெரிந்தால் எங்கேயாவது எழுதி வைத்துவிட்டு மறந்துவிடுவேன். அந்தத் தபால் பெட்டியே போதும்.

அண்ணன்


மே 14

அண்ணா,

சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல். இரண்டு வேளை ஒழுங்காக, ஒரு வேளை நேரம் கழித்து.

ஸ்க்ரூ ஒரு புது எண் வாங்கச் சொல்கிறார். இன்னும் வாங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் இப்போதும் முதுகைச் சுவரில் சாய்த்துத்தான் நிற்கிறேன். மேகம் கறுத்தால் சுற்றிலும் இருக்கும் குடைகளை எண்ணுகிறேன். உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை, கேட்காததற்கு நன்றி. கேட்டிருந்தால் ஆம், இல்லை இரண்டுக்கும் நடுவில் உள்ளதைத்தான் எழுதியிருப்பேன்.

நேற்று பட்டறையில் மேல்வரிசைப் பல் ஒன்றுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தேன். மேசையில் போன் கிடையாது. ஆனாலும் முள் இரண்டை நெருங்கியதும் கை தானாக நின்றது. ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. முதலாளியம்மா, "என்னம்மா, பல்லுக்குப் பதிலா கடிகாரத்தச் செதுக்கற?" என்றார்.

இந்தத் தாளின் வலது மூலை வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். எலி கடித்ததல்ல. அங்கே ஊரின் பெயரை எழுதினேன். எழுதி முடித்து, ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, கத்தரித்து எடுத்துவிட்டேன். எழுதத் தோன்றியது என்பது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

நத்தை